மாடு விழுங்கிய தூண்டில்

திரேஸ்புரம் கடற்கரைத் தெருவில் படகு உண்டு, வலை உண்டு, சண்டை உண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்தச் சண்டையைச் சமாதானம் பேசித் தீர்க்கிற ஆட்களும் உண்டு. மாடு மட்டும் எந்த வீட்டிலும் கிடையாது. அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்பிள்ளை, மாட்டு டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று சொன்னால் தெரு சிரிக்காமல் என்ன செய்யும்?

சிரித்தது. பிளாரன்ஸின் காதில் விழும்படியாகவே சிரித்தது. எழுபத்தெட்டாம் வருஷம் அது. பி.யூ.சி. தேறி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கி, இரண்டு விண்ணப்பங்களை வைத்துக்கொண்டு அவள் திண்டாடிக்கொண்டிருந்தாள். ஒன்று, தூத்துக்குடியிலேயே போன வருஷம் புதிதாக ஆரம்பித்திருந்த மீன்வளக் கல்லூரிக்கு. பெண்பிள்ளைகளைச் சேர்ப்பீர்களா என்று கேட்டதற்கு, மனுப் போட்டுப் பாரம்மா என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். இன்னொன்று, சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு. இரண்டிலும் தகப்பனார் கையெழுத்து வேண்டும்.

தகப்பனார் இனிகோ ஆயிரங்கால் தூண்டில்காரர். ஒரே கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில்களைக் கோத்து, ஒவ்வொன்றிலும் சாளை மீனை இரையாகக் குத்தி, ஆழக்கடலில் இறக்கிவிட்டுக் காத்திருக்கிற தொழில். பொறுமை அதிகம் வேண்டும். கடலில் அவருக்கு அது நிறைய இருந்தது, கரையில்தான் கொஞ்சம் குறைவு.

"ஏளா, சேசுவாப் பாத்து நம்ம வாசல்ல ஒரு காலேசக் கொண்டாந்து வச்சிருக்காரு. மீனப் பத்திப் படிக்க ஒனக்கு இருக்கற கொடுப்பின வேற யாருக்கு இருக்கு? நீ என்னடான்னா மெட்ராசுக்குப் போயி மாட்டுக்கு ஊசி போடணும்னு நிக்க. நம்ம வீட்டுல எவனாவது மாட்டுக் கயித்தப் பிடிச்சிருக்கானா?"

"இல்லப்பா."

"சரி, நான் ஒண்ணும் முரட்டுக்குச் சொல்லல. ஒரேயொரு காரணம் சொல்லு. எனக்குச் சரின்னு பட்டா மெட்ராசுக் காயிதத்துலயே கையெழுத்துப் போடுதேன். ஆனா ஒண்ணுலதான் போடுவேன். அதையும் இதையும் எழுதிப் போட்டுட்டு எது வருதுன்னு பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கக் கூடாது."

நியாயமான பேச்சுதான். அதுதான் பிளாரன்ஸுக்குச் சங்கடம். அடம்பிடிக்கிற அப்பாவாக இருந்தால் அழுது காரியம் சாதிக்கலாம், நியாயம் பேசுகிற அப்பாவிடம் என்ன செய்வது?

அவளிடம் ஒரு காரணம் இருந்தது. சொல்லத்தான் முடியவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பழைய துறைமுகத்தில், மாலத்தீவுக்குப் போகிற தோணியில் ஆடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முந்நூறு ஆடுகள், ஒன்றன்பின் ஒன்றாகப் பலகைமேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்ற அரசாங்கக் கால்நடை மருத்துவர், நடுவில் வந்த ஒரு ஆட்டைக் காட்டி, "இதை நிறுத்து" என்றார். மற்ற ஆடுகள் மாதிரியேதான் அதுவும் இருந்தது. வியாபாரி கத்தினார், கெஞ்சினார், கடைசியில் அதைக் கரையிலேயே கட்டிப்போட்டார். இரண்டாம் நாள் அது செத்துப்போனது. முந்நூறில் அந்த ஒன்றை எப்படிக் கண்டுபிடித்தார்? பேசத் தெரியாத ஒரு உயிர் அவரிடம் மட்டும் என்ன சொன்னது? அந்தக் கேள்வி பிளாரன்ஸைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இதை அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள்.

"ஒரு ஆட்ட நிப்பாட்டுனதுக்கா அஞ்சு வருசம் மெட்ராசு?" என்று அவர் சிரித்தார். சொன்ன பிறகு அவளுக்கே அது அசட்டுத்தனமாகத்தான் பட்டது.

யாருக்கும் சொல்லாத இன்னொன்றும் இருந்தது. பிளாரன்ஸுக்கு மாடு என்றால் பயம். எதிரே மாடு வந்தால் தெருவின் அடுத்த ஓரத்துக்குப் போய்விடுவாள். மாட்டு டாக்டராக ஆசைப்படுகிறவள் இப்படி இருக்கலாமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள்.

விண்ணப்பம் வெள்ளிக்கிழமை சென்னையில் இருக்க வேண்டும். புதன்கிழமை சாயங்காலத் தபாலில் சேர்த்தால்தான் உண்டு.

இந்த நேரத்தில்தான் செவலை படுத்தது.

செவலை என்பது தங்கத்தாயின் பசு. தங்கத்தாய் கடற்கரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓலைச் சாய்ப்புப் போட்டுக்கொண்டு, அந்த ஒரே மாட்டை வைத்துத் தெரு முழுவதற்கும் பால் ஊற்றி வந்தாள். கடற்கரை மாடு என்றால் மற்ற ஊர் மாடு மாதிரி இல்லை. புல்லும் தின்னும், சுவரொட்டியும் தின்னும், காயப்போட்ட கருவாட்டையும் ஒரு கை பார்க்கும். போன வெள்ளிக்கிழமை அது இனிகோவின் தூண்டில் கூடைக்குள் வாயை விட்டு, இரை குத்தி வைத்திருந்த சாளை ஒன்றைத் தூண்டிலோடு விழுங்கிவிட்டது. வாயோரத்தில் நைலான் நரம்பு தொங்கியது.

இனிகோ ஓடிவந்து பார்த்தார். தூண்டில்காரர் ஒருவர் என்ன செய்வாரோ அதையே செய்தார். மீன் தூண்டிலை அடிவயிறு வரைக்கும் விழுங்கிவிட்டால் நரம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. வாயோரமாக அறுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும், பிறகு கரையில் வயிற்றைக் கீறும்போது தூண்டிலை எடுத்துக்கொள்ளலாம். நாற்பது வருஷத்துப் பழக்கம் அது, கை தானாகவே கத்தியை எடுத்தது. மாட்டின் உதட்டை ஒட்டி நரம்பை அறுத்தார். சுற்றி நின்ற நாலு பேரும், அதெல்லாம் சாணியோடு போய்விடும் என்று தலையாட்டினார்கள். நாலு பேரும் மீன் பிடிக்கிறவர்கள்தான்.

செவ்வாய்க்கிழமை வரை சாணியோடு ஒன்றும் போகவில்லை. செவலை தின்பதை நிறுத்தியது, அசை போடுவதை நிறுத்தியது. முதுகைத் தூக்கிக்கொண்டு, முன்கால் இரண்டையும் அகட்டி வைத்து, மூச்சு விடும்போதெல்லாம் முனகியது. தங்கத்தாய் வந்து இனிகோவின் வாசலில் நின்று ஒரு வார்த்தை ஏசவில்லை. "அண்ணாச்சி, மாடு தண்ணி கூடக் குடிக்க மாட்டேங்குது" என்று மட்டும் சொன்னாள். ஏசியிருந்தால் இனிகோவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

புதன்கிழமை காலையில் இனிகோவே சைக்கிளை மிதித்துப் போய் மாட்டாஸ்பத்திரியிலிருந்து டாக்டரைக் கூட்டிவந்தார். டாக்டர் ஜீவமணி சாயர்புரத்துக்காரர், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இருபத்தைந்து வயசு இருக்கும். ஆள் குள்ளம். மீசை வளரட்டும் என்று விட்டிருந்தார், அது இன்னும் வளர்ந்தபாடில்லை. இவரா என்பதுபோல் தெரு பார்த்தது. கூடவே பெரிய பெட்டியைச் சுமந்துகொண்டு கம்பவுண்டர் சுடலைமாடன் வந்தார்.

டாக்டர் மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். நெஞ்சுக்கு அடியில் முஷ்டியால் ஒரு அமுக்கு அமுக்கினார். செவலை அலறியது.

"நரம்பு எங்க?" என்று கேட்டார்.

"அறுத்துட்டேன் சார்," என்றார் இனிகோ. "மீனுக்கு அறுக்காப்புல அறுத்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

டாக்டர் அவரைத் திட்டவில்லை. அவருடைய முகத்தில் திட்டுவதற்குக்கூட இடமில்லாத அளவுக்குப் பயம் இருந்தது. "வயித்தத் தொறந்துதான் எடுக்கணும்," என்றார். "தூண்டில் ரெண்டாவது வயித்துல போயி ஒக்காந்திருக்கு. அதுக்கு முன்னாலதான் இருதயம். இன்னும் நகந்துச்சுன்னா மாடு மிஞ்சாது."

"தொறந்துட்டா மட்டும் மிஞ்சுமா?" என்றாள் தங்கத்தாய்.

"பாக்கணும்மா," என்றார் அவர். உண்மையைச் சொல்லிவிட்டார் பாவம்.

பூவரச மரத்தடியில் செவலையைக் கட்டினார்கள். படுக்க வைக்கப் போகிறார்கள், மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்று பிளாரன்ஸ் நினைத்தாள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இடது விலாவுக்குப் பின்னால் மயிரைச் சிரைத்து, வரிசையாக ஊசி போட்டு, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். பிறகு டாக்டர் கத்தியை எடுத்து, நின்றுகொண்டிருந்த மாட்டின் தோலை ஒரு முழம் நீளத்துக்குத் திறந்தார். செவலை நின்றது. காதை ஆட்டி ஈயை விரட்டிக்கொண்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

கூட்டத்தில் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்த பெண்கள்கூட பாதி மந்திரத்தில் நிறுத்திவிட்டார்கள். தெருவின் அடுத்த ஓரத்தில் நின்றிருந்த பிளாரன்ஸ், தன்னை அறியாமல் நடந்து நடந்து மாட்டுக்கு மூன்றடி தூரத்தில் வந்து நின்றிருந்தாள்.

தோலுக்குக் கீழே சதை, சதைக்குக் கீழே ஒரு மெல்லிய வெள்ளைச் சவ்வு, அதற்கும் கீழே பெரிய வயிறு. அதை வெளியே இழுத்து, ஓரத்தைத் தோலோடு சேர்த்துத் தைத்துவிட்டு, டாக்டர் அதையும் திறந்தார். புளித்த வாடை குப்பென்று வந்தது. கம்பவுண்டர் கை கையாக உள்ளே இருந்ததை அள்ளித் தொட்டியில் போட்டார். புல், வைக்கோல், வாழை மட்டை, ஒரு முழக் கயிறு, மீன் முள், பாதி சினிமா சுவரொட்டி. அதில் கதாநாயகியின் ஒரு கண் இன்னும் அழியாமல் இருந்தது. வேறொரு நாளாக இருந்தால் தெரு அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்திருக்கும்.

டாக்டர் கையை உள்ளே விட்டார். முழங்கை போனது, தோள் வரைக்கும் போனது. கன்னத்தை மாட்டின் விலாவோடு ஒட்டிக்கொண்டு, கால் விரலில் எக்கி நின்றார். வியர்வை வழிந்தது. ரொம்ப நேரம் துழாவினார்.

"எட்டல," என்றார். சின்னப் பையன் அழப்போகிற குரல் மாதிரி இருந்தது. "விரல் நுனி படுது. பிடிக்க முடியல."

கம்பவுண்டர் முயன்றார். அவருக்குக் கை தூண் மாதிரி, பாதிக்கு மேல் போகவே இல்லை.

டாக்டர் கூட்டத்தைப் பார்த்தார். "கை நீளமா, ஒல்லியா யாருக்கு இருக்கு?"

தெரு மொத்தமும் திரும்பி பிளாரன்ஸைப் பார்த்தது. சின்ன வயசிலிருந்தே துடுப்புக் கை என்று கேலி செய்து வந்த தெருவல்லவா, அதற்கு யோசிக்கவே தேவைப்படவில்லை.

"போவாத ளா," என்றாள் அம்மா.

பிளாரன்ஸுக்கு ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் கம்பவுண்டர் அதற்குள் சோப்பை நீட்டிவிட்டார், அவளும் வாங்கிவிட்டாள். தோள் வரைக்கும் தேய்த்துக் கழுவினாள். டாக்டர் மருந்துத் தண்ணீரை ஊற்றினார். "மெதுவா முன்னால போ. கீழயும் முன்னாலயும். நான் சொல்லுதேன்."

கையை விட்டாள்.

முதலில் சூடு. அவ்வளவு சூட்டை அவள் எதிர்பார்க்கவில்லை. உயிரோடு இருப்பது என்றால் இவ்வளவு சூடாக இருப்பதா என்று நினைத்தாள். முழங்கை தாண்டியதும் வயிறு அசைந்தது. அவள் கையைச் சுற்றி மெதுவாக இறுகி, ஒரு கணம் பிடித்துவைத்துக்கொண்டு, பிறகு தளர்ந்தது. யாரோ கையைப் பிடித்து யாரென்று பார்த்துவிட்டு விட்டதுபோல் இருந்தது.

"பயப்படாத. அது வேலையச் செய்யுது," என்றார் டாக்டர்.

பி.யூ.சி. நோட்டில் மாட்டின் நான்கு வயிறுகளையும் படம் வரைந்து பாகம் குறித்திருந்தாள். பத்துக்கு ஒன்பது வாங்கிய படம். அந்தப் படத்தில் சூடு இல்லை, அசைவு இல்லை, ஈரம் இல்லை. படத்தில் ஒரு கோடாக இருந்ததை இப்போது விரல் தாண்டிப் போனது. சுவர் மாறியது. சொரசொரப்புப் போய்க் கட்டம் கட்டமாக, வரிசை தப்பாமல் தேன்கூடு மாதிரி வந்தது. இருட்டுக்குள், யாருமே பார்க்காத இடத்தில், இவ்வளவு அழகாக எதற்கு இதைக் கட்டி வைத்திருக்கிறது?

"கட்டம் கட்டமா இருக்கு சார்."

"அதான் ரெண்டாவது வயிறு. முன்பக்கச் சுவரத் தடவிப் பாரு."

தடவினாள். தோள் மாட்டோடு ஒட்டிக்கொண்டது, கன்னமும் ஒட்டிக்கொண்டது. மாட்டைக் கண்டு தெரு மாறிப் போகிறவள், மாட்டின்மேல் சாய்ந்துகொண்டு நின்றாள். அப்போது விரல் நுனியில் ஏதோ இடித்தது. திடுக்கிட்டுக் கையை இழுக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். மறுபடியும் இடித்தது. நிதானமாக, பெரிதாக, ஒரே சீராக.

"சார், சுவருக்கு அந்தப் பக்கத்துல ஏதோ இடிக்குது."

"அதுதான் இருதயம்," என்றார் டாக்டர்.

பிளாரன்ஸின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பயத்தில் வந்த தண்ணீர் இல்லை அது. பனிமய மாதா கோயிலில் திருவிழா அன்று ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் முழங்கால் போடும்போது அவளுக்கு உடம்பு சிலிர்க்கும், அதைவிடப் பெரிதாக இப்போது சிலிர்த்தது. இவ்வளவு பெரிய உயிர் தன் நெஞ்சைக் கொண்டுவந்து அவள் விரலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தது. இடையில் ஒரு மெல்லிய சுவர்தான். இந்தத் தெருவில் தினமும் நடந்து போன மாட்டுக்குள் இது இத்தனை நாளும் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அந்த இடத்தில்தான் தூண்டிலும் இருந்தது. தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, முனை சுவருக்குள் இறங்கியிருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் தண்டு லேசாக ஆடியது.

"இருக்கு சார்! தட்டுப்படுது!"

"நல்லாப் பிடிச்சு இழு!"

அவள் இழுக்கவில்லை.

"இழும்மா!"

"இழுக்க மாட்டேன் சார். எதிர்முள்ளு இருக்கும். இழுத்தா கிழிச்சிரும்."

ஒன்பது வயசில் இதே மாதிரி தூண்டில் அவள் உள்ளங்கையில் ஏறியிருக்கிறது. தூண்டில்காரர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு தடவையாவது ஏறியிருக்கும். அப்படி ஏறினால் யாரும் இழுப்பதில்லை. தண்டைச் சதையோடு சதையாக அமுக்கி, வளைவைப் பின்பக்கமாகத் தள்ளி, போன வழியிலேயே திருப்பி வரவைப்பார்கள். டாக்டருக்குப் புத்தகத்தில் இது இல்லை. பிளாரன்ஸுக்கு விரலில் இருந்தது.

கட்டை விரலால் தண்டை அமுக்கினாள். ஆள்காட்டி விரலை வளைவுக்குள் கொடுத்தாள். ஒரு துடிப்பு வந்தது, காத்திருந்தாள். அடுத்தது வந்தது. அதற்கும் அடுத்ததற்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன அமைதியில் மெதுவாகப் பின்னால் தள்ளினாள். வரவில்லை. மறுபடி காத்திருந்தாள். மூன்றாவது தடவையில் சுவர் தூண்டிலை விட்டுவிட்டது.

வெளியே கொண்டுவரும் வழியில் மறுபடி எங்காவது மாட்டிவிடக் கூடாதே என்று அதை உள்ளங்கைக்குள் வைத்து முஷ்டியை இறுக்கி மூடினாள். முனை அவள் கையிலேயே ஏறியது. அவள் திறக்கவில்லை. கை முழுவதும் வெளியே வந்த பிறகுதான் முஷ்டியை விரித்தாள். சாளை கரைந்துபோய், வெறும் தூண்டில், அதில் விரல் நீளத்துக்கு நரம்பு. மாட்டு வயிற்றின் பச்சைச் சாற்றோடு அவளுடைய இரத்தமும் கலந்திருந்தது.

"யேசு மரி சூசை," என்று யாரோ சொன்னார்கள். தங்கத்தாய் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

டாக்டர் தைக்க ஆரம்பித்தார். வயிற்றை ஒரு அடுக்கு, அதன்மேல் இன்னொரு அடுக்கு, பிறகு சவ்வு, சதை, கடைசியில் தோல். கூட்டம் இனிப் பார்க்க ஒன்றுமில்லை என்று கலைந்து போனது. இனிகோ மட்டும் போகவில்லை. டாக்டரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, ஒவ்வொரு முடிச்சையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார். வலை முடிகிறவருக்கு முடிச்சு புதிதில்லை. ஆனால் அவர் பார்த்த பார்வை முடிச்சைப் பார்க்கிற பார்வையாக இல்லை.

தையல் முடிந்ததும் செவலை தலையைக் குனிந்து வாளித் தண்ணீரில் வாயை வைத்தது. நாலு வாய் குடித்தது. "மூணு நாள் பாக்கணும்," என்றார் டாக்டர். "ஆனா பொழச்சுக்கிடும்னுதான் நெனைக்கேன்." சொல்லிவிட்டுத் தன் குட்டைக் கைகளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிளாரன்ஸின் கையில் மருந்து வைத்துத் தன் சட்டைப்பையிலிருந்த லேஞ்சித் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று ஆகியிருந்தது. தபாலாபீஸ் இன்னும் இரண்டு மணி நேரத்தில் மூடிவிடும். அம்மா குசினியில் ஏனம் கழுவிக்கொண்டிருந்தாள். இனிகோ நேராகப் போய் அலமாரியைத் திறந்து விண்ணப்பங்களை எடுத்தார். மெட்ராஸ் விண்ணப்பத்தை மேசையில் வைத்து, கையை வேட்டியில் இரண்டு தடவை துடைத்துவிட்டு, எழுத்துக் கூட்டி த. இனிகோ என்று கையெழுத்துப் போட்டார்.

பிளாரன்ஸ் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவளால் நம்ப முடியவில்லை.

"நான் இன்னும் காரணமே சொல்லலியேப்பா."

"சொல்ல வேண்டாம்."

"சீட்டு கிடைக்காமப் போனா?"

"கிடைக்கலன்னா அடுத்த வருசமும் எழுதிப் போடு. நான் கையெழுத்துப் போடுதேன்."

பேனாவை மூடினார். மூடியவர் அதைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"நாப்பது வருசமா வயித்தக் கீறுதேன் மக்கா," என்றார். "சுறா, சீலா, பாரைன்னு கணக்கே கிடையாது. உள்ள கைய விட்டு அள்ளி வெளிய போட்டிருக்கேன். இன்னைக்கு வரைக்கும், இதத் திருப்பி மூடலாம்னு எனக்குத் தெரியாதுளா."

விண்ணப்பத்தை மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, அவளையும் ஏற்றிக்கொண்டு தபாலாபீஸுக்குப் போகச் சைக்கிளை எடுத்தார்.